கரை என்று சொன்னால் கரை

பத்தரை பஸ்சில் மஸ்கெலியா டவுனில் இறங்கினோம்.
வாங்க ஒன்றும் இல்லை.
அதுவே புதிதாக இருந்தது.

மற்ற நாளென்றால் அடகுக் கடை, மருந்துக் கடை,
தபால் கந்தோர், பிறகு ஓட்டம்.
இன்றைக்கு என் கையில் ஒரு குடை,
தவமலரின் பையில் நாலு ரொட்டி,
வாழையிலையில் மடித்த சம்பல்.
கடைத்தெருவை ஒரு தரம் மேலே நடந்தோம்,
ஒரு தரம் கீழே.
ஒரே கண்ணாடி வளையலை இரண்டு கடையில் விலை கேட்டோம்,
இரண்டிலும் வாங்கவில்லை.

சித்திரை வெயில்.
சிவனொளிபாத மலைக்குப் போகும் வேன்கள்
கூரையில் மூட்டையும் ஜன்னலில் பாட்டுமாக
நல்லதண்ணிப் பக்கம் போயின.
"அவங்க மேல போகட்டும்," என்றாள் தவமலர்,
"நாம கீழ போவோம்."

கீழே மவுசாகலைத் தண்ணீர்.
மழைக்காலத்தில் புல்லை நக்கிக்கொண்டு நின்றது
இப்போது வெகுதூரம் போயிருந்தது,
சொல்லாமல் எழுந்துபோன விருந்தாளி மாதிரி,
உட்கார்ந்த பள்ளத்தை மட்டும் விட்டுவிட்டு.
ஒவ்வொரு வாரம் இறங்கியதற்கும்
மண்ணில் ஒரு கோடு.
மேலே வெடித்த சேறு, உள்ளே குளிர்ச்சி.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம்.

"இது பீச்சா?"

மூன்று வருடம் கட்டுநாயக்கவில் இருந்தவள் நான்.
என்னைத்தானே கேட்க வேண்டும்.
கடல் அங்கிருந்து அரை மணித்தியாலம்.
நான் காலர் தைத்தேன்,
ஒரு நாளைக்கு அறுநூறு.
ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன், தூங்கினேன்.
போர்டிங் ஜன்னலைத் திறந்தால்
இன்னொரு போர்டிங்கின் ஜன்னல்.
ஒரே ஒரு சாயங்காலம் காற்றில் கருவாட்டு வாசம் வந்தது.
அதுதான் என் கடல்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
"பீச்தான்," என்றேன்,
"அலைதான் கொஞ்சம் சின்னது."

பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.
முழுகிச் செத்த தேயிலை மரத்தின் அடிக்கட்டை விக்கெட்.
தண்ணீரில் விழுந்தால் அவுட்,
பழைய கோயில் சுவரில் பட்டால் நாலு.
சாமிக்கு நாலு ஓட்டம் எப்படியும் கிடைத்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம்
எங்கேயும் போகாத மூன்று படி,
ஒரு வாசற்கல்,
செங்கல் வரிசை நாலு விரல் உயரத்துக்கு.
கடையாக இருந்திருக்கும்; குளியலறையாகவும் இருக்கலாம்.
தவமலர் கல்லுக்குப் பின்னால் போய் நின்றாள்.
முந்தானையைச் செருகினாள்.
"என்ன வேணும், சொல்லுங்க."

"ஒரு கிலோ நிழல்."

"நிழல் முடிஞ்சிருச்சு. வெயில் இருக்கு, புதுசு."

உள்ளங்கையில் நிறுத்தாள்.
"பயப்படாதீங்க,
கொழுந்து மடுவத்தில மாதிரி
ரெண்டு கிலோ கழிக்க மாட்டேன்."
சிரித்த சிரிப்பில்
கரையில் நின்ற கொக்கு பறந்து
நாலடி தள்ளி நின்றது.
நான் ஒரு நத்தைக்கூட்டைக் கொடுத்தேன்.
மிச்சமாக இரண்டு கூழாங்கல் தந்தாள்,
எண்ணித்தான் தந்தாள்.

குடையை மண்ணில் குத்திவைத்து
ரொட்டி தின்றோம். சம்பலில் மணல்.
கணுக்கால்வரை தண்ணீரில் நின்று
மலைகள் தலைகீழாக நடுங்குவதைப் பார்த்தோம்.
தவமலர் தூங்கிப்போனாள்,
வாய் திறந்து, நடுப்பகலில்.
பன்னிரண்டு வயதிலிருந்து அவளைத் தெரியும்.
பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.
மூன்றே கால் பஸ் மேலே ரோட்டில் ஹார்ன் அடித்தது.
எழுப்பவில்லை.

ஐந்தரை பஸ்சில் கண்டக்டர்
எங்கள் கால்களைப் பார்த்தார்,
பிறகு தன் பஸ்சின் தரையைப் பார்த்தார்.
"எங்கயிருந்து வாறீங்க இப்படி?"

"பீச்சிலிருந்து," என்றாள் தவமலர்.

மிச்சம் இருபது ரூபாய் அவர் தரவில்லை.
லயத்துக்கு வந்து கால் கழுவும்போதுதான்
ஞாபகம் வந்தது.